ஹாண்ட் பிரேக்கை இழுத்தது ஆர்?

கார் போகத் தயாராக இருந்தது. கரவன் தயாராக இல்லை.

ஞானரட்ணம் அக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தார். காரின் பின்பக்கம் குந்தியது, சில்லு வழுக்கியது, ரப்பர் மணந்தது. பின்னால் கொழுவியிருந்த கரவன் என்கிற சில்லு வைத்த வீடு மட்டும், ஒன்பது மாதம் வீட்டு முற்றத்தில் சும்மா நின்ற சுகம் விடாமல், இருந்த இடத்திலேயே இருந்தது.

"டேய் நிர்மலன்! சில்லுக்கு வைச்ச கட்டையை எடுத்தனியோ?"

"நாலையும் எடுத்திட்டன் அப்பா."

"அப்ப ஏன் உது வருகுதில்லை?"

"நான் வெளியில நிக்கிறன். கார் ஓடுறது நீங்கள்."

இருபத்தைந்து வயது மகன் இப்படிப் பதில் சொன்னால் ஒரு தகப்பன் செய்யக்கூடியது ஒன்றுதான். ஞானரட்ணம் இறங்கிக் கார்க் கதவை அடித்துச் சாத்தினார். கிங்ஸ்பரியில் அந்தத் தெருவில் இருந்தவர்கள் அவருடைய கோபத்தின் அளவைக் கதவுச் சத்தத்தை வைத்தே கணித்துவிடுவார்கள். இது நடுத்தரக் கோபம். மழை வராது, ஆனால் உடுப்புக் காயப்போடாமல் இருப்பது நல்லது.

கரவனின் முன்மூக்கை மூடியிருந்த மழையுறையை இழுத்துக் கழற்றினார். உள்ளே ஹாண்ட் பிரேக், ஏற்றி வைத்த மெழுகுதிரி மாதிரி, நிமிர்ந்து நின்றது.

யாரோ அதை இழுத்துவிட்டிருக்கிறார்கள்.

கோபம் நடுத்தரத்தைக் கடந்தது.

இதன் பாரதூரம் விளங்க, ஒக்டோபர் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருடமாக, கரவனைக் குளிர்காலத்துக்கு மூடும் நாளில், ஞானரட்ணம் குடும்பத்தை முற்றத்தில் நிறுத்தி வகுப்பு எடுப்பார். வருகை கட்டாயம். "குளிர்காலம் முழுக்க ஹாண்ட் பிரேக் போட்டபடி விட்டால், சில்லுக்குள்ள இருக்கிற பிரேக் ஷூ ஈரத்தில கறள் பிடிச்சு டிரம்மோட ஒட்டிப்போகும். ஆனபடியால்?" என்று கேட்பார். "கட்டை வைக்கவேணும், பிரேக் போடக்கூடாது" என்று மனைவி பியற்றிஸும் நிர்மலனும் பூசையில் பதில் சொல்கிற ராகத்திலேயே சொல்லுவார்கள். போன ஒக்டோபரில் வகுப்பு நாற்பது நிமிடம் நடந்தது. கடைசியில் "போகலாமா?" என்று நிர்மலன் கேட்டதால் இன்னும் பத்து நிமிடம் நீண்டது.

ஆகவே இந்த வீட்டில் தெரியாமல் யாரும் ஹாண்ட் பிரேக்கை இழுத்திருக்க முடியாது. வேண்டுமென்றேதான் செய்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்சிங்ஹாம் மாதா கோவிலுக்குத் தமிழ்ச் சனம் யாத்திரை போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. லண்டனில் வருடம் முழுக்க ஞானரட்ணம் ஒரு பஸ் டிரைவர். சில்லறை மனிதர்கள் அவரைப் பார்த்துக் கையை நீட்டி நிறுத்துவார்கள், ஏறுவார்கள், ஏச்சுக் கொடுப்பார்கள், இறங்குவார்கள். வால்சிங்ஹாமில் மட்டும், வெள்ளிக்கிழமை மாலையே போய், கரவன்கள் நிறுத்தும் வயலில் வாசலுக்குக் கிட்ட முதல் இடத்தைப் பிடித்து, கரவன் வாசலில் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்தால், அவர் ஒரு ராசா. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான். அந்த இரண்டு நாளுக்காகத்தான் மிச்ச முந்நூற்றி அறுபத்து மூன்று நாளும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"பியற்றிஸ்! இஞ்ச வா!"

பியற்றிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு ஆரம்பப் பள்ளிக் குசினியில் வேலை செய்பவர். ஒரே நேரத்தில் இருநூறு பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுப் பழகிய காது.

"என்னப்பா?"

"ஹாண்ட் பிரேக்கை இழுத்தது ஆர்?"

"நானோ? நான் அதுக்குக் கிட்டப் போறதே வருஷத்தில ஒருக்கா."

"அப்ப நீ?"

"எனக்கு அதைத் தொட அனுமதியே இல்லையே அப்பா" என்றான் நிர்மலன். "இழுக்கிறதுக்கு மட்டும் விடுவீங்களோ?"

அது உண்மை. கரவனை இழுத்துக்கொண்டு கார் ஓட நிர்மலனுக்கு லைசென்ஸ் இருந்தது. தகப்பனின் அனுமதி இல்லை.

"அப்ப ஜெராட். உன்ர தம்பி. அவன்தான்."

பியற்றிஸின் தம்பி ஜெராட் கோலியர்ஸ் வுட் பக்கம் கராஜ் வைத்திருப்பவன். ஜனவரியில் தொலைபேசியில் ஏதோ வாக்குவாதமாகி, அன்றிலிருந்து அத்தானுக்கும் மச்சானுக்கும் கதைபேச்சில்லை.

"அவன் இஞ்ச வந்தே ஒரு வருஷமாகுது" என்றார் பியற்றிஸ்.

வேலிக்கு அப்பால் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரம். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்ப்பவர். அதனால் தெருவில் நடக்கும் எல்லாவற்றையும் பார்ப்பவர்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு விஷயம்..."

"கல்யாணம், இது குடும்ப அலுவல்!"

தலை இறங்கியது.

ஞானரட்ணம் வீட்டுக்குள் போய்ச் சோபாவில் தொப்பென்று விழுந்தார். விழுந்ததும், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், வலது கை பக்கத்தில் இருந்த காற்றை ஒருமுறை பிடித்து இழுத்தது. பிறகு கத்தத் தொடங்கினார். செய்தவனுக்குக் கை அழுகும் என்றார். செய்தவனைச் சும்மா விடமாட்டேன் என்றார். இந்த வீட்டில் தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்றார்.

பியற்றிஸ் தேத்தண்ணியை மேசையில் வைத்தார்.

"சும்மா கத்தினால் தொண்டைதான் நோகும். செய்த ஆளை என்ன செய்யப் போறியள்? அதைச் சொல்லுங்கோ."

"என்ன செய்யிறதோ? அந்த ஆள் இந்த முறை என்ர கரவனில கால் வைக்கேலாது! என்ர காரிலயும் ஏறேலாது! பங்குச் சனத்தோட கோச் பஸ்ஸில போகட்டும்! ஆறு மணித்தியாலம் போகவர, முழங்கால் முன்சீட்டில இடிக்க இடிக்க!"

"கோச் ஈஸ்டரோட நிரம்பிட்டுது அப்பா" என்றான் நிர்மலன். "றூபினி அக்கா கோவிலில அறிவிச்சவ."

"நிண்டுகொண்டு போகட்டும்!"

"கோபத்தில சொல்லுவியள், நாளைக்கு மாத்துவியள்" என்றார் பியற்றிஸ். "மனசாச் சொல்லுறதெண்டால் மாதாவுக்கு முன்னால சொல்லுங்கோ."

ஞானரட்ணம் எழுந்து, மூலையில் சின்ன பல்ப் எரிந்துகொண்டிருந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றார். அவ்வளவு கோபத்திலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார்.

"மாதாவே! ஹாண்ட் பிரேக்கை இழுத்தது ஆரெண்டாலும், என்ர சொந்த இரத்தமெண்டாலும், இந்த வருஷம் உம்மட கோவிலுக்குக் கோச்சிலதான் வருவினம். இது சத்தியம்."

"ஆமென்" என்றார் பியற்றிஸ், கொஞ்சம் அவசரமாக.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. முதலில் கரவன் ஓட வேண்டும்.

"ஜெராட்டைக் கூப்பிடுவமே?" என்றார் பியற்றிஸ்.

"அவனையோ? இருபத்திரண்டு வருஷமா நாளுக்கு ஆயிரம் தரம் பிரேக் போடுறன். எனக்குப் பிரேக் தெரியாதே?"

முதல் வைத்தியம் எளிமையானது: இன்னும் பலமாக இழுப்பது. காரை முதல் கியரில் போட்டு ஒரே உறுமலில் விட்டார். கரவன் வந்தது. சில்லு சுற்றாமலே வந்தது. குளிக்க மாட்டேன் என்று காலை ஊன்றுகிற நாயை இழுப்பது போல முற்றம் முழுக்க இழுபட்டு வந்து நடைபாதையில் நின்றது. பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். புது டயர்களின் அடியில் தேய்ந்த தட்டை. அந்த டயரை உருட்டினால் இனி 'டொக் டொக்' என்றுதான் உருளும்.

"அப்பா, இதில போட்டிருக்கு" என்று நிர்மலன் கைத்தொலைபேசியைப் பார்த்து வாசித்தான். "இழுக்கக்கூடாதாம். டிரம்முக்குப் பின்னால சின்ன ஓட்டை ஒண்டு இருக்காம். அதுக்குள்ளால ஷூவைத் தளர்த்தி, டிரம்மைச் சுத்திவர மெதுவாத் தட்டவேணுமாம்."

ஞானரட்ணத்தின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். சுத்தியல் எடுத்தார்.

கீழே ஜக் வைத்துக் கரவனைத் தூக்கி, சில்லைக் கழற்றி, இடது பக்க டிரம்மில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ஜெராட்டை நினைத்துக்கொண்டு ஒரு தட்டு. போன கிழமை தன்னை ஏசிய பயணி ஒருத்தியை நினைத்துக்கொண்டு ஒரு தட்டு. மேலதிகாரிக்கு இரண்டு. பத்தாவது தட்டில் மெதுவெல்லாம் போய்விட்டது. 'டங்' என்று ஒரு சத்தம். டிரம் விடுபட்டுச் சுற்றியது.

"பாத்தியோ!"

வலது பக்கத்துக்கு அதே மருந்து. அதே 'டங்'. ஆனால் இந்த முறை டிரம்மின் விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து பறந்து வேலியைத் தாண்டியது. அப்பால் ஒரு பூச்சட்டி உடையும் சத்தம் கேட்டது.

வேலிக்கு மேல் தலை எழும்பியது. "சார், சட்டி போனா பரவாயில்லை சார். ஆனா அந்த ஹாண்ட் பிரேக் விஷயமா..."

"சட்டிக்குக் காசு தாறன் கல்யாணம்! போம்!"

தலை இறங்கியது.

சில்லின் நடுவில் இருந்த பெரிய நட்டைக் கழற்ற இரண்டு பேர், ஒரு நீளக் குழாய், அரை மணித்தியாலம், மாதாவுக்குக் கேட்கக்கூடாத சில சொற்கள் தேவைப்பட்டன. டிரம்மை இழுத்து எடுத்தபோது, உள்ளே ஷூவில் ஒட்டியிருந்த தேய்பட்டை தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விழுந்தது. மற்றப் பக்கமும் அதே கதை. ஒரு ஸ்பிரிங் விடுபட்டு ஞானரட்ணத்தின் காதை உரசிக்கொண்டு போய் மறைந்தது. அதை இன்று வரை யாரும் காணவில்லை.

காலையில் ஒரு கம்பி நிமிர்ந்து நின்றதுதான் பிரச்சினை. பின்னேரம் கரவனுக்கு இரண்டு டயர், ஒரு டிரம், நாலு ஷூ, ஒரு ஸ்பிரிங் தேவைப்பட்டது.

"எல்லாம் அந்த ஹாண்ட் பிரேக் இழுத்தவனால!" என்று ஞானரட்ணம் தெருவுக்கே அறிவித்தார்.

அந்தக் கிழமை முழுவதும் அவர் கோபத்தோடுதான் பஸ் ஓட்டினார். மஞ்சள் விளக்கு எரிந்தால் 'ஆர் இழுத்தது' என்று நினைத்தார். தரிப்பிடத்தில் நிறுத்தி ஹாண்ட் பிரேக்கை இழுக்கும்போதெல்லாம் 'ஆர் இழுத்தது' என்று பல்லைக் கடித்தார். வீட்டில் யாரிடமும் நேராகக் கதைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் "சில பேருக்கு மனச்சாட்சி இல்லை" என்று பருப்புக் கறியிடம் சொன்னார். நிர்மலன் உப்பு வேண்டுமா என்று கேட்டான். "சில பேர் கேள்வி கேட்டே தப்பப் பாக்கினம்" என்று அதையும் பருப்பிடமே சொன்னார்.

புதன்கிழமை சாமான்கள் வந்தன. இடது பக்க ஷூக்களுக்கு ஒரு பெட்டி, வலது பக்கத்துக்கு ஒரு பெட்டி. ஞானரட்ணம் பெட்டிகளைக் கிழித்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஒரு வாளிக்குள் கொட்டினார்.

"அப்பா, இடது வேற வலது வேற" என்றான் நிர்மலன். "றிவேர்ஸ் எடுக்கேக்க பிரேக் தானா விடுறதுக்கு உள்ளுக்குள்ள ஏதோ ஒழுங்கு இருக்காம். மாறிப் பூட்டினால் பின்னால போகேக்க இறுகுமாம்."

"இடது வலது பஸ் ஓட்டுறவனுக்குப் படிப்பிக்காதை."

சனிக்கிழமை காலை, ஞானரட்ணம் கரவனின் மூக்குக்கு முன்னால், அதை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்தபடி நின்று, தன் இடது கைப் பக்கத்தை இடது என்றும் வலது கைப் பக்கத்தை வலது என்றும் தீர்மானித்தார். ஒருவரை முகத்துக்கு முகம் பார்த்து நின்றால், அவருடைய இடது எங்கள் வலதுக்கு நேரே வரும் என்பது எதிரிகளுக்கும் பொருந்தும், கரவனுக்கும் பொருந்தும். கோபத்தில் இருப்பவருக்கு அது தோன்றுவதில்லை.

"அந்தப் பெரிய நட் ஒருக்காத்தான் பாவிக்கலாமாம். புதுசு வாங்கிப் போடவேணுமாம்."

"நட் எண்டால் நட். போட்டால் போடுறது, கழட்டினால் கழட்டுறது."

பழைய நட்டையே போட்டு இறுக்கினார். கேபிளையும் தன் மனநிலை அளவுக்கே இறுக்கினார். பிறகு காரைக் கொழுவி, கரவனைத் தெருவுக்கு இழுத்தார். வந்தது! 'டொக் டொக்' என்று நொண்டியபடி வந்தது, ஆனால் வந்தது. தெரு முனை வரை போய், சுற்றிக்கொண்டு, வெற்றி வீரனாகத் திரும்பி வந்தார்.

"எங்க உன்ர ஜெராட்? படம் எடுத்து அனுப்பு அவனுக்கு!"

இனி முற்றத்துக்குள் பின்னால் விட வேண்டும். காரைத் தெருவுக்குக் குறுக்கே வளைத்து, றிவேர்ஸ் போட்டார். கரவனின் பின்பாகம் நடைபாதையில் ஏறியது. 'கிரீச்' என்றது. நின்றது.

இன்னும் மிதித்தார். கரவன் அசையவில்லை. சரி, முன்னால் எடுப்போம் என்று பார்த்தால், எதிர்ப் பக்கம் நிறுத்தியிருந்த வானுக்கும் அவருடைய காருக்கும் இடையில் ஒரு சாண் இடம். அந்த ஒரு சாணுக்குள் முன்னும் பின்னும் எட்டுத் தடவை ஆட்டியதில் ஷூக்கள் இன்னும் வசதியாக இறுகிக்கொண்டன. காரும் கரவனும் சேர்ந்து தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு படுத்துவிட்டன.

அப்போதுதான் பஸ் வந்தது.

லண்டனில் எத்தனையோ பஸ் ஓடுகிறது. வந்தது ஞானரட்ணத்தின் டிப்போ பஸ். ஓட்டி வந்தவர் அவரோடு பதினான்கு வருடம் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கும் ஸ்ரீஸ்கந்தராஜா. கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தார், கண்ணைக் கசக்கினார், பிறகு வலது கையால் ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஞானம் அண்ணை? நீங்களே?"

"பேசாமல் இரு சிறீ."

"மேல்மாடியில சனம் எழும்பி நிண்டு படம் எடுக்குது அண்ணை. நான் கொன்ட்ரோலுக்கு என்ன சொல்ல? எங்கட டிரைவர் ஒருத்தர் எங்கட ரூட்டை மறிச்சுக்கொண்டு நிக்கிறார் எண்டோ?"

கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெண்மணி தன் ஆஸ்பத்திரி அப்பொயின்மெண்ட் பற்றிக் கத்தினார். ஒரு பெரியவர் பஸ் டிரைவர்களே இப்படித்தான் என்று சொன்னார். ஞானரட்ணம் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக்கு உள்ளே இருந்து கேட்ட வசனங்களெல்லாம் இப்போது கண்ணாடி இல்லாமல் வந்தன.

அவர் காரின் பொனட்டில் ஓங்கி அடித்தார்.

"இவ்வளவுக்கும் காரணம் ஒரு ஆள்! ஒரே ஒரு ஆள்! அந்த ஹாண்ட் பிரேக்கை இழுத்த ஆள்! அந்த ஆளை இப்ப ஆரெண்டாலும் எனக்குக் காட்டுங்கோ, இந்தத் தெருவில வைச்சே கேக்கிறன்!"

"காட்டலாம் சார்" என்றது ஒரு குரல்.

கல்யாணசுந்தரம். இந்த முறை தலை மட்டும் அல்ல. முழு ஆளாக, கையில் போனோடு, தெருவில் நின்றார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். எங்க டோர்பெல் கேமரால உங்க முற்றமும் பாதி விழும் சார். எல்லாம் பதிவாயிருக்கு."

தெரு அமைதியாயிற்று. பஸ் சனம்கூட இந்த மொழி விளங்காமலே அமைதியாயிற்று.

"காட்டும்!" என்றார் ஞானரட்ணம். "எல்லாருக்கும் தெரியக் காட்டும்!"

கல்யாணசுந்தரம், வீட்டு வாசலில் கைகட்டி நின்ற பியற்றிஸை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பியற்றிஸ் மெல்லத் தலையசைத்தார். கல்யாணசுந்தரம் தேடவில்லை, துழாவவில்லை. ஒரே தட்டில் படம் வந்தது.

ஜனவரி பதினொன்று, மாலை நாலு ஐம்பது. காற்று. கரவனின் மழையுறை ஒரு பக்கம் கழன்று படபடக்கிறது. ஒரு ஆள் வருகிறார். பஸ் டிரைவர் உடுப்பு. இடது கையில் போனைக் காதோடு வைத்திருக்கிறார். குரல் தெளிவாகக் கேட்டது, ஏனென்றால் அந்தக் குரல் எப்போதும் தெளிவாகத்தான் கேட்கும்.

"டேய் ஜெராட்! கரவன் பிரேக்கைப் பற்றி நீ எனக்குப் படிப்பிக்கிறியோ? எட்டு வருஷமா நான்தான் பாக்கிறன்! குளிருக்க ஹாண்ட் பிரேக் போட்டு விடக்கூடாதெண்டு எனக்குத் தெரியாதே? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்! வை போனை!"

போன் சட்டைப் பைக்குள் போகிறது. ஆள் குனிகிறார், மழையுறையைத் தூக்குகிறார். வலது கை, எந்த அவசரமும் இல்லாமல், எந்த யோசனையும் இல்லாமல், ஹாண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுக்கிறது. 'கிர்ரிக்.' உறையைக் கட்டுகிறார். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போகிறார்.

ஸ்ரீஸ்கந்தராஜா நீண்ட பெருமூச்சு விட்டார்.

"அது எங்கட கை அண்ணை. நானும் போன மாசம் சலூனில தலைமயிர் வெட்டி முடியக் கதிரைக் கம்பியை இழுத்தனான். கதிரை கீழ போயிட்டுது."

ஞானரட்ணம் அந்தப் படத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். அது ஜெராட்டாக மாறக்கூடும் என்று பார்த்தார். மாறவில்லை.

அவருக்கு இன்னும் கோபம் இருந்தது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. நிர்மலனைப் பார்த்தார்; அவன் தரையைப் பார்த்தான். கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார், அவர் வேலிப் பக்கம் நகர்ந்தார். கடைசியில் கரவனைப் பார்த்து, "உனக்கு வாய் இல்லையே!" என்றார்.

பியற்றிஸ் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார். "ஜெராட்டுக்கு எடுக்கட்டே?"

ஞானரட்ணம் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டு வழக்கப்படி அது சம்மதம்.

ஜெராட் அடுத்த அரை மணித்தியாலத்திலேயே வந்து இறங்கினான். கோலியர்ஸ் வுட்டிலிருந்து சனிக்கிழமை நெரிசலில் அவ்வளவு கெதியாக வர முடியாது என்று வேறொரு நாள் என்றால் ஞானரட்ணம் யோசித்திருப்பார். பெரிய ஜக், முறுக்கு அளவு காட்டும் நீள ஸ்பானர், புது நட் இரண்டு, புது டயர் இரண்டு, ஸ்பிரிங்கூட வைத்திருந்தான். முதலில் பஸ்ஸுக்கு வழி விட்டான். பிறகு இடதை இடதுக்கும் வலதை வலதுக்கும் மாற்றி, முதலில் சில்லுக்குப் பின்னால் ஷூவைச் சரிபார்த்து, அதற்குப் பிறகே கேபிளைத் தொட்டான். ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசாமல் இரண்டரை மணித்தியாலத்தில் முடித்தான். அதுதான் ஞானரட்ணத்துக்கு ஆகக் கூடிய எரிச்சலைத் தந்தது.

"சரி அத்தான். நோர்வேக்கும் கொண்டுபோகலாம்."

"நான் வால்சிங்ஹாமுக்குக் கொண்டுபோனாக் காணும்."

பியற்றிஸ், நிர்மலன், ஜெராட் மூன்று பேரும், ஒரே நேரத்தில், திறந்திருந்த கதவுக்குள்ளால் மூலையில் எரிந்துகொண்டிருந்த சின்ன பல்பைப் பார்த்தார்கள்.

ஞானரட்ணமும் பார்த்தார்.

கோபக்காரனாக இருக்கலாம். பொய்ச்சத்தியக்காரனாக இருக்க முடியாது. அதுவும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் செய்த சத்தியம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிர்மலன் காரை எடுத்தான். பக்கத்தில் ஜெராட், பின்னால் பியற்றிஸ். ஞானரட்ணம் முற்றத்தில் நின்று, கண்ணாடி, வேகம், வட்டச் சந்தி, சைக்கிள்காரன் என்று இருபது நிமிடம் அறிவுரை சொன்னார். கரவன் ஒரு சத்தமும் இல்லாமல், எண்ணெய் பூசியது போல, தெருவில் இறங்கிப் போனது. எட்டு வருடத்தில் ஒரு நாளும் அவருக்கு அது அப்படிப் போனதில்லை.

சனிக்கிழமை போனுக்கு ஒரு படம் வந்தது. வயல், வாசலுக்குக் கிட்ட முதல் இடம், கரவன். அவருடைய மடக்குக் கதிரையில் பியற்றிஸ் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிவர ஏழெட்டுப் பேர் தேத்தண்ணிக் கோப்பையோடு. எல்லாரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சிரிக்க அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. தான் இருந்த வருடங்களில் யாரும் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோவில் வளவில் கோச் நின்றது. ஞானரட்ணம் பியற்றிஸ் கட்டிவைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பார்சலோடு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கோச் ஈஸ்டரோடு நிரம்பிவிட்டது. இடம் இல்லை என்று றூபினி சொல்லுவாள். நின்றுகொண்டு போகச் சட்டம் விடாது. சத்தியத்தைக் காப்பாற்ற வந்தேன், கோச்தான் என்னை ஏற்றவில்லை என்று மாதாவுக்குத் தெளிவாகிவிடும். அதற்குப் பிறகு ஒரு டாக்ஸி பிடித்தென்றாலும் மத்தியானப் பவனிக்கு முன்னம் போய், அந்தக் கதிரையிலிருந்து பியற்றிஸை எழுப்பிவிடலாம்.

கோச் வாசலில் பெயர்ப் பட்டியலோடு நின்ற றூபினியிடம் போனார்.

"என்ன பிள்ளை, இடமில்லைத்தானே? பரவாயில்லை. நான் போயிட்டு வாறன்."

"எங்க போறியள் அண்ணை? ஏறுங்கோ. முப்பத்தெட்டாம் நம்பர்."

"முப்பத்தெட்டோ? நிரம்பிட்டுதெண்டு ஈஸ்டருக்கே நீர்தானே அறிவிச்சனீர்?"

றூபினி பட்டியலைத் திருப்பி, அவருடைய பெயருக்கு நேரே பேனையால் ஒரு சரி போட்டாள்.

"ஓம் அண்ணை, ஆனால் உங்கட சீட்டை பியற்றிஸ் அக்கா மார்ச் மாசமே பதிஞ்சிட்டா, டிரைவருக்கு எட்டாத தூரத்தில பாத்துத் தரச்சொல்லி."